தலைச்சுத்துக்குத் தலையாட்டு

"நிப்பாட்டுங்கோப்பா! தலை கழண்டு விழப்போகுது!"

"நீர் வாயை மூடும். டாக்குத்தர் என்னைப் பாத்தெல்லே சொன்னவர்?"

புங்குடுதீவிலை ஆழ்வாப்பிள்ளை வீட்டிலை விடிஞ்சால் புருசன் பெண்சாதிக்குள்ளை உந்தச் சண்டைதான். பட்டணத்து டாக்குத்தர் தலைச்சுத்துக்கு மருந்துக் குளிசை குடுக்காமல் அப்பியாசம் குடுத்துவிட்டிட்டார். மனுசன் முத்தத்திலை கதிரையைப் போட்டுத் தலையை இடமும் வலமுமாய் ஆட்டும். பெருவிரலை நீட்டி ஆட்டி, அதுக்குப் பின்னாலை கண்ணை ஓட்டும். பிறகு சுண்ணாம்பாலை கீறின கோட்டிலை, குதிக்காலும் விரலும் முட்ட முட்ட நடக்கும்.

பெண்சாதி மீனலோசனி அக்கா அடுப்படிக் குசினி வாசல் நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாப்பா. பிடிச்ச கையை விடமாட்டா.

"நெடுந்தீவிலை மகளுக்குப் பிள்ளை பெற மாசம் கிட்டுது. உப்பிடியே போனால் குறிகாட்டுவான் துறையிலை வள்ளம் ஏறினமாதிரித்தான்!"

"ஏறலாமப்பா. உதுக்குத்தானே நான் கிடந்து பாடுபடுறன்!"

முதல் கிழமை மனுசன் கோட்டிலையே ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தார். துவக்கத்திலை சுத்துக் கூடும், விடாமல் செய்தால் குறையும் எண்டு டாக்குத்தர் முதலே சொன்னவர். அதாலை சத்தி எடுத்ததும் மனுசனுக்குப் பெருமையாய்ப் போச்சு.

பக்கத்து வளவு அப்புத்துரை வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தார். "என்னண்ணை, காலமையே கள்ளுத் தவறணை திறந்திட்டினமோ?"

"சிரியும், சிரியும். சுகம் வந்தாப்பிறகு கதைப்பம்."

ஒரு மாசத்தாலை புருசனும் பெண்சாதியும் பட்டணம் போனவை. ஆழ்வாப்பிள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு டாக்குத்தற்றை அறைக்குக் குறுக்காலை நடந்தார். நூல் பிடிச்ச மாதிரி. திரும்பியும் நடந்தார்.

டாக்குத்தர் கண்ணாடியைக் கழட்டினார். "நீர் ஏன் காணும் நடக்கிறீர்? அம்மா, நீங்கள் எழும்பி நடவுங்கோ பாப்பம்."

மீனலோசனி அக்கா எழும்பினா. ரெண்டடி வைக்கமுன்னம் மேசையோடை சரிஞ்சா.

"ஒரு நாளாவது அப்பியாசம் செய்தனீங்களோ அம்மா?"

"என்னை எங்கை ஐயா செய்யவிட்டவர்?"

ஆழ்வாப்பிள்ளைக்குக் கோவம் வந்திட்டுது. "பொம்பிளை முத்தத்திலை நிண்டு தலையாட்டினால் சனம் என்ன ஐயா சொல்லும்? அவவுக்காண்டி நான் செய்தனான். போன வருசம் அவவின்ரை காய்ச்சலையும் நான் காவடி எடுத்துத்தானே மாத்தினனான்!"

கடைசியிலை நெடுந்தீவு வள்ளத்திலை மனுசன் தனிய, ஆடாமல் அசையாமல் போய்ப் பேரனைப் பாத்திட்டு வந்திட்டுது. அக்கா இன்னும் குசினி நிலையைப் பிடிச்சபடி.

வாசிக்கிற அக்காமாரே, எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கோ: உங்கடை மருந்தை உங்கடை வீட்டிலை ஆர் குடிக்கிறது?