மூச்சுப் பழகியவர்

"அவசரப்படாதேங்கோ, மெல்ல... ஆ, இப்ப பிடியுங்கோ. விடாதேங்கோ."

கொக்குவில் பாமசியின் உட்பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது அந்த இளம்பெண்ணின் குரல். வெளியே நின்ற பத்மாவதிக்கு உச்சந்தலை கொதித்தது. திரைக்குள் போனவர் அவளுடைய கணவர் இராசநாயகம்.

ஒரு கிழமையாகப் பின்னேரங்களில் சவரம் செய்து, பவுடர் பூசி, "நல்லூர்க் கோயிலுக்குப் போட்டு வாறன்" என்று புறப்படுகிற மனுசன். நெற்றியில் திருநீறு இல்லாமல் திரும்பி வந்தபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இன்றைக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

நடந்த வேகமோ கோபமோ, அவளுடைய பழைய ஆஸ்துமாத் தொய்வு கிளம்பி மூச்சு இரைத்தது. கைப்பையிலிருந்த நீலப் பம்பை எடுத்து வாயில் இரண்டு தரம் அடித்துக்கொண்டாள். நீலம் கையில் இருந்தால் அவளுக்கு எமனிடமும் பயமில்லை.

"என்ரை மனுசிக்குத் தெரியக்கூடாது பிள்ளை. தெரிஞ்சால் எனக்கு வீட்டிலை சோறில்லை."

"பயப்பிடாதேங்கோ அங்கிள். முதல் நாளைவிட இப்ப நல்லாச் செய்யிறியள்."

பத்மாவதி திரையை இழுத்து விலக்கினாள்.

உள்ளே இராசநாயகம் வாயில் மண்ணிறப் பம்போடு, மூச்சை அடக்கி, கண் பிதுங்க இருந்தார். எதிரே மருந்தாளர் கஜந்தினி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்மாவதியின் கோபம் அப்படியே பயமாக மாறியது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கும் தொய்வே? ஏன் ஒளிச்சனீங்கள்?"

அவர் பம்பை எடுத்து மடியில் வைத்தார். கஜந்தினிதான் கதிரையை நகர்த்தி வைத்தாள்.

"இருங்கோ அன்ரி. மண்ணிறத்தைக் காலமையும் இரவும் தவறாமல் இழுத்தால் மூச்சுக்குழாய் வீக்கம் மெல்ல மெல்லக் குறையும். நீலம் அந்தரம் அவசரத்துக்கு மட்டும்தான். அதை அடிக்கடி தேடினால் நோய் கட்டுப்படேல்லை எண்டு அர்த்தம். நீலத்தை மட்டும் நம்பிச் சும்மா இருக்கிறது ஆபத்து."

"கேட்டியளே?" பத்மாவதி கணவர் பக்கம் திரும்பினாள். "இந்த வயசிலை இவ்வளவு கவலையீனமோ? இனி ஒரு நாளும் விடக்கூடாது. நான் பக்கத்திலை நிண்டு பாப்பன்."

"நான் ஓம் எண்டுதான் சொல்லுறன்" என்றார் இராசநாயகம், வெகு பணிவாக.

கஜந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அங்கிளுக்குத் தொய்வில்லை அன்ரி. நீங்கள் மண்ணிறத்தைத் தொடுறதேயில்லையாம், உங்களுக்குப் பழக்கத்தான் பழகுறார்."