மூன்று விநாடி வரி

நான்காவது முறையும் கவ்வி நழுவியது.

கம்ப்யூட்டர் பலகையில் சுண்டுவிரல் நகமளவுகூட இல்லாத சிப். இந்தப் பக்கம் நான்கு கால், அந்தப் பக்கம் நான்கு கால். எட்டையும் ஒரே பிடியில் கவ்வினால்தான் அவனுடைய லேப்டாப்பால் அதைப் படிக்க முடியும்.

பாதித் தவறு அவனுடையது. பிரிந்து போகிற மனைவிக்குக் கடைசியாக ஒரு நல்லது செய்வோமே என்று, நேற்று அவளுடைய கம்ப்யூட்டரில், அதை எழுப்பிவிடும் பயாஸ் நிரலுக்கு அப்டேட் போட்டுவிட்டு டீ போடப் போனான். மீதித் தவறு அவள் அண்ணனுடையது. தங்கையின் சாமான்களைக் கட்ட வந்தவர், திரை கறுப்பாக இருக்கிறதே என்று ஒயரைப் பிடுங்கி அழகாகச் சுற்றி வைத்துவிட்டார்.

அப்டேட் பாதியில் அறுந்து, சிப்பில் இருந்த பயாஸ் கெட்டது. அதோடு சரி. உள்ளே விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“ஆஃப் ஆயிருக்குன்னு நெனச்சேன் மாப்ள. நீங்களும் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம்ல?” என்றார் அவர், வாசலில் நின்றபடி. பிறகு தணிந்து, “ஜெராக்ஸ் மிஷினையே பிரிச்சு மேயறவரு. இது உங்களுக்கு ஒரு வேலையா? நான் கீழ வண்டியில இருக்கேன்.”

வண்டியில் எல்லாம் ஏறிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. நாளைக் காலையில் இது எழுந்தாக வேண்டும். அம்மா வீட்டில் அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது இதை நம்பித்தான்.

அடுத்த அறையில் அவள் துணி மடிக்கும் சத்தம் கேட்டது.

ஆறு வருடத்தில் பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசிய அன்றும் அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். “மனசுல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது சொன்னாளா? கேட்டா ஒண்ணுமில்லம்பா. நான் என்ன ஜோசியக்காரனா?”

அவள் மறுக்கவில்லை. அன்றும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள்.

ஐந்தாவது முறை கவ்வி நின்றது.

கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய நல்ல பயாஸ் கோப்பை எழுதுவதற்கு முன்னால், சிப்பில் இருப்பதைப் படித்துப் பத்திரப்படுத்த வேண்டும். கம்ப்யூட்டரின் வரிசை எண் அதற்குள்தான் இருக்கும். இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்த்தான். பிறகு எண்ணைத் தேடி உருட்டிக்கொண்டே போனான். இடது பக்கம் முழுக்க எண்கள். வலது பக்கம் தலையும் வாலும் புரியாத எழுத்துகள்.

நடுவில் அவன் பெயரும் அவள் பெயரும்.

வாங்கிய புதிதில் அவனே எழுதியது. பயாஸின் அமைப்புப் பக்கத்தில் உரிமையாளர் என்று ஒரு வரி வைத்துக்கொள்ளலாம். ஆன் செய்ததும், கம்பெனி சின்னத்துக்குக் கீழே மூன்று விநாடி தெரிந்து மறையும். இரண்டு பெயரையும் போட்டு, ‘இருவருக்கும் பொது’ என்று எழுதியிருந்தான். மறந்தே போயிருந்தது.

அந்த வரியை மாற்றினால், பழையதை சிப் உடனே அழிப்பதில்லை. செல்லாது என்று ஒரு குறி போட்டுவிட்டு, புதியதை அடுத்த இடத்தில் எழுதிக்கொள்ளும்.

அடுத்த இடத்திலும் எழுத்து இருந்தது. அதற்கடுத்தும்.

ஆங்கில எழுத்தில் தமிழ்.

குட் மார்னிங் தூங்குமூஞ்சி.

நீலச் சட்டைக்கு பட்டன் தைச்சாச்சு.

இதைப் பாத்தா வந்து ஒரு தடவை சிரிங்க.

பாக்கறீங்களா இல்லையா?

இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தனியா போகப் பிடிக்கல.

அவன் கை மவுஸிலேயே இருந்தது.

தினமும் காலையில் அவளுக்காக இதை ஆன் செய்து வைப்பவன் அவன்தான். எழுந்திருக்க நேரம் எடுக்கும் கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இன்னும் பதினேழு வரிகள் இருந்தன. போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தன.

பேசுங்க.

கடைசி வரியில் எழுத்தே இல்லை. வெற்றிடத்தையும் அவள் சேமித்து வைத்திருந்தாள்.

நல்ல கோப்பில் வரிசை எண்ணைச் சேர்த்து எழுதினான். நான்கு நிமிடம் ஆனது. கவ்வியைக் கழற்றினான், மின்சாரம் கொடுத்தான். திரையில் வெளிச்சம் வந்தது.

உடனே அவளைக் கூப்பிடவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்த அந்த இடத்துக்குப் போனான். எண்பது எழுத்துக்கு மேல் இடம் கொடுக்காது. எழுதி அழித்தான். மறுபடி எழுதி மறுபடி அழித்தான். ஆறு வருடத்துக்கு எண்பது எழுத்து போதவில்லை. கடைசியில் ஏதோ ஒன்றை எழுதிச் சேமித்து அணைத்தான்.

“ஒரு நிமிஷம் இங்க வா.”

பாதி மடித்த துண்டோடு வந்தாள். “ஆயிடுச்சா?”

“நீயே ஆன் பண்ணிப் பாரு.”

அழுத்தினாள். அவன் அங்கேயே நின்றான்.

சின்னம் வந்தது. அதற்குக் கீழே வரி வந்தது. மறைந்தது. பிறகு அவளுடைய வழக்கமான முகப்பு, கோப்புகள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. வரி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஓடுதா இல்லையா? ஏத்திரலாமா?” கீழேயிருந்து அண்ணன்.

அவள் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அணைந்தது. துண்டை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பொத்தானில் விரல் வைத்தாள்.

“இன்னும் நேரம் ஆகும்ணா,” என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பி. “நீ போய்ச் சாப்பிட்டு வந்துரு.”