பாதிப் பாலம்

"ஃபோனை நேராப் பிடி ஏட்டி, எனக்கு ஒனக்க காது மட்டும்தான் தெரியுது" என்றார் எபின்.

"காதைத்தான் பாருங்க. நீங்க போன தடவ கொண்டு வந்த கம்மலாக்கும்" என்று சிரித்தபடி ரெஜிலா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்.

திரையில் மாத்தூர் தொட்டிப்பாலம் நீண்டு கிடந்தது. ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குக் கால்வாயைத் தாங்கிச் செல்லும் அந்தப் பாலத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய நடைபாதையில், குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்துகொண்டிருந்தனர். ரெஜிலா மட்டும் தனியே வந்திருந்தார்.

கல்யாணம் முடிந்த வாரமே இங்கு அழைத்து வருவதாக எபின் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் விசா வந்துவிட்டது. பிறகு வந்த விடுமுறைகளை விருந்துகளும், வீடு கட்டும் வேலையும், மாமனாரின் அறுவை சிகிச்சையும் எடுத்துக்கொண்டன. இன்று அவர்களுடைய கல்யாண நாள். "நீங்கதான் வரமாட்டிய. ஃபோன்லயாவது கூட நடங்க" என்று நேற்று ரெஜிலா கேட்டபோது அவரால் மறுக்க இயலவில்லை.

மேலும், இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று எபின் தீர்மானித்திருந்தார். குவைத்தில் அவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டு இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. 'எனக்க மருமவன் சூப்பர்வைசராக்கும்' என்று மாமனார் சர்ச்சில் எல்லோரிடமும் பெருமை பேசுவதை ரெஜிலா சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், அந்தச் செய்தியைச் சொல்வதை அவர் இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போட்டார்.

"இஞ்ச மழ தூறுது. அங்க எப்படி?" என்று கேட்டார் ரெஜிலா.

"இங்கயா? வெயிலு மண்டையப் பொளக்குது" என்ற எபின், தம் கைப்பேசித் திரையை நீலச் சட்டையின் நுனியால் துடைத்துக்கொண்டார்.

"பொறவு எதுக்கு முடியெல்லாம் நனஞ்சு கெடக்கு?"

"வேர்வையாக்கும்."

"பின்னால என்ன, ஒரே சாம்பல் சுவரு?"

"நாங்க தங்குத கேம்ப்புச் சுவரு. நீ என்ன போலீசா?"

ரெஜிலா மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார் போலும், அதைக் கடித்தார்.

"ஒங்களுக்கும் சேத்துத் தின்னுதேன்."

"எரியுதா?"

"எரியுது. கண்ணுல தண்ணி வருது."

அது மிளகாயால்தானா என்று கேட்க எபினுக்குத் துணிவு வரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? வேல எல்லாம் நல்லாப் போவுதா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இனி அமையாது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"கொள்ளாம், நல்லாப் போவுது" என்றார்.

"ஒரு நாளு சொல்லாம கொள்ளாம வந்து நின்னு என்னைப் பயமுறுத்துவியளா?"

"ஒனக்கிட்ட சொல்லாம நான் எப்ப வந்திருக்கேன்?"

சொன்ன மறுகணமே அவருக்கு நாக்குக் கசந்தது. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் என்று அடுக்கி, இப்போது எதிலிருந்து பிரிக்கத் தொடங்குவது என்றே தெரியவில்லை.

ரெஜிலா நின்றார். "இதுதான் நடுப்பாலம். இதுக்கு மேல நான் நடக்கமாட்டேன். மிச்சப் பாதி நாம சேந்து நடக்கதுக்கு."

"அம்புட்டுத் தூரம் போயிட்டு பாதியில திரும்புவியா? கிறுக்கா ஒனக்கு?"

"பின்ன, ஒங்களக் கெட்டினேம்லா?"

எபினுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தார்: "ரெஜிலா, ஒரு காரியம் சொல்லணும்..."

"விட்டு விட்டுக் கேக்குது. சிக்னல் உள்ள எடத்துக்கு வாங்க."

அவர் சுவரை விட்டு விலகி வெட்டவெளிக்கு வந்தார். "இப்பக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. சொல்லுங்க."

திரையில் மனைவியின் முகம் அவரையே பார்த்துக் காத்திருந்தது.

"அது வந்து... அடுத்த வருசம் கண்டிப்பா லீவு தருவான்."

நாள்கணக்கில் சேர்த்து வைத்த துணிவெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு செலவழிந்து போயிற்று.

"செரி" என்று ரெஜிலா பெருமூச்சு விட்டார். "கீழ ஆத்தக் காட்டுதேன், பாருங்க."

"வேண்டாம் ஏட்டி. கீழ காட்டாண்டாம். தல சுத்தும்."

"எனக்கா, ஒங்களுக்கா?"

கைப்பேசி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீண்டு, கீழ்நோக்கித் திரும்பியது. தென்னந்தலைகள் தெரிந்தன. கலங்கி ஓடும் பறளியாறு தெரிந்தது. பாலத்தைத் தாங்கும் சாம்பல் நிறத் தூண் ஒன்றும், அதைவிட்டுச் சற்று விலகி ஒரு பாறையின்மேல் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதரும் தெரிந்தனர். அவர் மழையில் நனைந்தபடி, தலையைக் குனிந்து, தம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எபின் மெல்லத் தலையை நிமிர்த்தினார். திரையிலிருந்த மனிதரும் நிமிர்ந்தார்.

"நாலு நாளா மார்த்தாண்டத்துல லாட்ஜுல கெடக்கியன்னு பக்கத்து வீட்டு ராஜையன் அண்ணன் கண்டுட்டு வந்து சொன்னாரு" என்றது ரெஜிலாவின் குரல். "படி வழுக்கும். பாத்து ஏறி வாங்க, பாதிப் பாலம் மிச்சம் இருக்கு."