திருடனைப் பிடிக்கும் வளையம்

“பீப்... பீப்... பீப்!”

தலைவழியே இறங்கிய வளையம் மேஸ்திரியின் முழங்காலுக்கு வந்ததும் அலறியது. வேலை முடிந்து வரிசையில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

“மாட்டிக்கிட்டீங்களா மேஸ்திரி!” முதலாளி கைதட்டாத குறைதான்.

“முட்டியில தகடு வெச்சிருக்குங்க. ஆபரேஷன் பண்ணது உங்களுக்கே தெரியுமே.” மேஸ்திரி பேன்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார்.

முதலாளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “தகடாவது, மண்ணாங்கட்டியாவது! மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

பையைக் கவிழ்த்துத் துழாவியும் ஒரு முழக் கம்பிகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் மேஸ்திரி போய்விட்டார். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் அந்தப் பட்டறையிலேயே தலை நரைத்த மனிதர், நொண்டி நொண்டி நடந்து தெருமுனையில் மறைந்தார்.

மெஷினைச் செய்தவன் முதலாளியின் மச்சினன். எந்த வேலையிலும் நாலு நாள் நிலைக்காமல், அக்கா வீட்டுச் சோற்றில் அறிவை வளர்த்துக்கொண்டிருந்தவன். பட்டறையில் செம்புக் கம்பி ஒரு சுருள் காணாமல் போன அன்று அவனுக்கு யோகம் அடித்தது.

“மெட்டல் டிடெக்டர் கடையில யானை விலை சொல்வான் மாமா. நானே செஞ்சு தர்றேன். கம்பியை வளையமாச் சுத்தி அதுல கரன்ட்டைத் தட்டித் தட்டி விடணும். பக்கத்துல உலோகம் இருந்தா ஒவ்வொரு தட்டுக்கும் பதில் குடுக்கும். அது காதுல விழுந்ததும் மெஷின் கத்தும்.”

இதில் முதலாளிக்கு யானை விலை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கம்பி வைத்திருக்கும் அறையிலேயே மச்சினனுக்கு மேசை போட்டு, சாவியையும் கையில் கொடுத்தார். ஊரான் பிள்ளைகளைச் சந்தேகப்பட ஒரு வீட்டுப் பிள்ளை கிடைத்ததில் அவருக்கு ரொம்ப நிம்மதி.

மெஷின் லேசில் வழிக்கு வரவில்லை. பெல்ட் கொக்கிக்குக் கத்தியது, சாப்பாட்டு டப்பாவுக்குக் கத்தியது, பெருக்க வரும் அம்மாவின் அடைத்த பல்லுக்கும் கத்தியது. ஒருநாள் வரிசையில் யாருமே இல்லாதபோது, பட்டறையின் இரும்புக் கேட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

“சுத்து சரியில்ல மாமா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சு, வேற மாதிரி சுத்திப் பாக்குறேன். புதுக் கம்பியெல்லாம் கேக்கமாட்டேன், இதையே வெச்சுச் சமாளிச்சுடுவேன்.”

என்ன சிக்கனம் என்று முதலாளி பூரித்துப்போனார்.

அன்றிலிருந்து மச்சினனுக்கு இதே பிழைப்பு. காலையில், கறுப்பு டேப் சுற்றிய வளையத்தை ஒரே விரலில் மாட்டி ஆட்டியபடி சீட்டியடித்துக்கொண்டு வருவான். பகல் முழுக்கக் கம்பி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டியூன் செய்வான். சாயங்காலம் அதைக் கேட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மாலை போடுவதுபோல ஒவ்வொருவர் தலைவழியாகவும் இறக்குவான்.

சோதனை முடிந்ததும் வளையத்தைக் கழற்றித் தோளில் சுமந்து, முக்கி முனகிக்கொண்டு ஸ்கூட்டருக்குப் போவான். நமக்காக ஓடாய்த் தேய்கிறானே என்று மனம் இளகி, முதலாளியே ஒரு கை பிடித்து ஏற்றிவிடுவார்.

மேஸ்திரி போன மறுநாளும் கம்பி குறைந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் குறைந்தது.

“போற போக்குல யாருக்கோ தொழிலைச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு அந்த மேஸ்திரி,” என்றார் முதலாளி.

“கவலைய விடுங்க மாமா. இன்னும் கொஞ்சம் சுத்தைக் கூட்டினா, எவனா இருந்தாலும் தப்பமுடியாது,” என்றான் மச்சினன்.

சுற்று கூடியது. கம்பி அறை காலியானது. மறுநாள் மோட்டார்களைத் தராவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடுவேன் என்று பெரிய வாடிக்கைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பட்டறையையே தாங்கி நின்ற வாடிக்கை அது. புதுக் கம்பி வாங்க வழியில்லாமல், முதலாளி வெட்கத்தை விட்டுப் பழைய சாமான் கடைப் படியேறினார்.

“செம்புக் கம்பி ஏதாவது இருக்கா?”

“பழசு என்னங்க, புத்தம் புதுசே இருக்கு!” கடைக்காரர் மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார்.

அடியில் வளையம் வளையமாகச் செம்புக் கம்பி அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் லாரி டயர் அகலம். அங்கங்கே கறுப்பு டேப் பிய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். “இது... இது யாரு குடுத்தது?”

“சாயங்காலமானா ஒருத்தர் ஸ்கூட்டர்ல கொண்டாந்து போடுவாருங்க. திருடனைப் பிடிக்க ஏதோ மெஷின் செய்யுறாராம். பாவம், சுத்துறதெல்லாம் தப்பாவே போகுதாம்.”

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்ற மேஸ்திரி முதலாளியின் கண்முன்னால் வந்தார். அந்தத் தழும்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

“அந்த மெஷின் எப்பத்தான் சரியாகுமாம்?”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நானும் அதைத்தாங்க கேட்டேன். ‘சரியாயிட்டா அப்புறம் நான் எதைக் கொண்டாறது?’ங்குறாரு!”