சின்னக் கலம் எதற்கு?

பீடி இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, ஷம்ஸியா சுளகில் போட்டாள். கை அது பாட்டுக்கு ஓடியது. காது மட்டும் வாசல் பக்கம் இருந்தது.

“மச்சான், ஹமீது பீவி மாமி கடைக்குப் போயிட்டு வார நேரம். கீழ போய் ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்.”

காலையில் அவள் புருஷன் ஜீஷான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனான். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ் வீட்டு மாமியின் ஒரு வாரத்துப் பீடித்தூள் அத்தனையும் நனைந்துவிட்டது. மாமி இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் தெருவே கூடிவிடும். ஷம்ஸியாவுக்கு மாமியின் குரலைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“போறேன்ட்டி. தப்பு பண்ணவன் நான். நானே போய் நிப்பேன்.”

ஜீஷான் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் விண்வெளிப் போர்க் கதை எழுதிக்கொண்டிருந்தான்.

“பெரிய கப்பல்ல இருந்து சண்டைக்குக் கிளம்புற இந்தச் சின்னக் கலங்களை மட்டும் கதையில இருந்து தூக்கிட்டு வாரேன்.”

“ஏன் தூக்குதீங்க?”

“என்ன பிரயோசனம்? ஒளிய அங்கன மலையா இருக்கு, மேகமா இருக்கு? எஞ்சின் சூட்டை வச்சே எதிரி கண்டுபிடிச்சிருவான். உள்ள ஒரு ஆளு, அவனுக்கு மூச்சுக்காத்து, திரும்பி வர எரிபொருளு. அந்த எடைக்கு நாலு ஏவுகணை ஏத்தலாம்லா?”

“அப்ப முதல்ல எதுக்கு வச்சீங்க?”

“பாக்க ஜோரா இருக்கும்னுதான்.” சிரித்தான். “அதோட, சின்னப் பயலுவள முன்னால அனுப்பிட்டு, தளபதி பெரிய கப்பல்ல பத்திரமா உக்காந்திருக்கான். அதுவும் ஒரு வீரமா? என் தளபதி தானே முன்னால போவான்.”

கேட்க ஷம்ஸியாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசில் ஒன்று தோன்றியது. சொன்னால் சிரிப்பாரோ?

கீழே கேட் தடாரென்று திறந்தது. நனைந்த தூளைப் பார்த்த மாமி கத்தினாள்.

“எந்த எடுபட்ட பயலே மோட்டாரைப் போட்டது? இறங்கி வாலே!”

ஜீஷான் எழுந்தான். சட்டையை மாட்டினான். கதவு வரைக்கும் போனான்.

கிளம்புகிறவரிடம் மனசில் தோன்றியதைச் சொல்லிவிடலாம் என்று ஷம்ஸியா பைய வாயைத் திறந்தாள்.

“ஏவுகணை போனா வெடிக்க மட்டுந்தான் செய்யும் மச்சான். ஆளு போனா, ரெண்டு வார்த்தை பேசிப் பாத்துட்டு...”

“ஷம்ஸியா!” கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அவன் கூப்பிட்டான். “நீ முன்னால போ. நான் இங்கன இருந்து...”