அரணைக் கடி

குவீன்ஸ்லாந்தின் ஆட்டுப்பண்ணையில் விறகு எடுக்கப்போன கேவினின் கணுக்காலில் ஏதோ கடித்தது. "அரணைதான், விஷமில்ல" என்றாள் அவன் மனைவி மெர்ல். வீட்டுக்குள் போய்க் கட்டுத்துணியோடு வந்து, அவனை அங்கேயே படுக்கவைத்து, கால்விரலிலிருந்து தொடைவரை இறுக்கிச் சுற்றினாள். பலகை ஒன்றையும் சேர்த்துக் கட்டினாள்.

"அரணைக்கு இவ்வளவா? ஆடெல்லாம் மயிர் கத்தரிக்கக் காத்துக்கிட்டிருக்கு. கழுவிட்டுப் போறேன், விடு."

"கழுவக் கூடாது. நாளைக்கு எனக்கு முதலுதவிப் பரீட்சை. பழகிக்கிறேன், பேசாம கிட."

கேவின் முனகினானே தவிர, காலை அசைக்கவில்லை.

சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் முற்றத்தில் இறங்கியது.

"துணி எடுக்க உள்ளே போனப்பவே போன் பண்ணிட்டேன். கடிச்சது பழுப்புப் பாம்பு. பயந்து துள்ளினா விஷம் ஏறும்னுதான் பொய் சொன்னேன்" என்றாள் மெர்ல்.

"வாலை நானும் பாத்தேன். உன் கை நடுங்கிடக் கூடாதேன்னுதான் ஆட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்."