சுவரில் தொங்கிய சாட்சி

மனைவி நஜ்லா தன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்பதற்குச் சாட்சி சுவரில் தொங்கியது. மம்தூஹ் அதன் முன்னால் நிலைகொள்ளாமல் நடந்தான். சிகரெட்டை எடுப்பான், புகைக்கக் கூடாது என்ற பலகையைப் பார்ப்பான், திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

சாட்சி ஒரு துணி. அலெக்ஸாந்திரியாவில் மூளை வைத்தியம் பார்க்கும் டாக்டர் லுப்னாவுக்கு, ஸ்கேன் படங்களைத் துணியில் தைப்பது ஒரு பைத்தியம். போன வருஷம் நஜ்லா உட்பட தெரிந்த பெண்கள் சிலரிடம் கணவன் போட்டோவைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தாள். மூளையில் எந்த இடம் விழித்துக்கொண்டதோ அங்கே சிவப்பு நூல், மற்றதெல்லாம் சாம்பல் நிறப் பட்டு.

அந்த நஜ்லாதான் இப்போது விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். நீதிமன்றம் சமரசம் பேசச் சொல்லிவிட்டது. பெண் வீட்டு மத்தியஸ்தர் அவளுடைய சித்தப்பா பயூமி ஹாஜியார். அவர் மனசு மாறினால் வழக்கு பிசுபிசுத்துப் போகும். லுப்னாவின் கண்காட்சியில் இந்தத் துணியைப் பார்த்த கையோடு மம்தூஹ் அவரையும் நஜ்லாவையும் இங்கே இழுத்து வந்துவிட்டான்.

"வாய் ஆயிரம் சொல்லும் ஹாஜியார், மூளை பொய் சொல்லுமா? பக்கத்துல பாருங்க, எங்க அண்ணியோட துணி. எங்கேயோ ஒரு சிட்டிகை சிவப்பு. பாவம் எங்கண்ணன்."

"இவளோடது எது?"

"இதோ. என் போட்டோவைக் காட்டினதும் எப்படிப் பத்திக்கிட்டிருக்கு பாருங்க."

அடியில் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு போல இரண்டு இடம், ரத்தச் சிவப்பாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்ட அவன் சட்டென்று கையை ஓங்கினான். பக்கத்தில் நின்ற நஜ்லா முகத்தைத் திருப்பி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வெக்கத்தைப் பாருங்க" என்று சிரித்தான். பெண்டாட்டி மனசைப் படமாகவே பார்த்துவிட்ட ஆம்பிளை ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஹாஜியார் இளகிப்போனார். "என்னம்மா இது? இவ்வளவு ஆசைய உள்ள வச்சுக்கிட்டா கோர்ட்டுக்குப் போன? நான் கோர்ட்டுல என்னன்னு சொல்றது?"

கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி நஜ்லாவின் விரல்கள் வெளுத்திருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது.

மம்தூஹுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "டாக்டரம்மா, கொஞ்சம் இங்க வாங்க. இந்தச் சிவப்பு என்னன்னு உங்க வாயாலயே சொல்லிடுங்க. இவளை இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

லுப்னா வந்தாள். அவனைப் பார்க்காமல் நஜ்லாவைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?"

நஜ்லா சரியென்று தலையை அசைத்தாள்.

"அது பயம், ஹாஜியார்."